ஹேஷ் குறிக்குப் பின்னால் வன்னி

இலங்கையில் இப்போது எத்தனை மணி என்பது உங்கள் கைபேசிக்கு எப்படித் தெரிகிறது? வெறும் எழுத்தாலான ஒரு கோப்பில் அது எழுதப்பட்டிருக்கிறது. உலக நேர வலயத் தரவுத்தளம் என்ற தொகுப்பில் ஆசியாவுக்கு ஒரு கோப்பு, ஐரோப்பாவுக்கு ஒரு கோப்பு என்று பிரித்து வைத்திருக்கிறார்கள். ஆசியக் கோப்பில் கொழும்புக்கு உரியவை 9 வரிகள். 1880 தொடங்கி இன்றுவரை இலங்கையின் கடிகாரம் எந்தெந்தத் திகதியில் எவ்வளவு நகர்ந்தது என்ற விபரம் முழுவதும் அந்த 9 வரிகளுக்குள் அடக்கம். அவற்றுக்கு மேலே ஹேஷ் குறி போட்ட விளக்க வரிகள் சில உண்டு. கணினி அவற்றைப் படிப்பதில்லை. வன்னி இருப்பது அந்த வரிகளில்தான்.

அதைப் பற்றிச் சொல்லுமுன், இப்படியான கோப்புகளிலிருந்து வேண்டிய பெறுமானத்தை மட்டும் உருவி எடுக்கிற கருவிகள் பிறந்த கதையைச் சொல்ல வேண்டும். கிரெப், செட், ஆக். பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகத்திலும் கிளிநொச்சி அறிவியல் நகர் பொறியியல் பீடத்திலும் கணினி படிக்கிற பிள்ளைகள் லினக்ஸின் கறுப்புத் திரையில் இன்று தட்டுகிற இந்தக் கட்டளைகள் அரை நூற்றாண்டு பழையவை. கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல். கிரெப் அதற்கு 11 வருடம் மூத்தது.

இடம் அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடம். யுனிக்ஸ் இயங்குதளத்தை உருவாக்கிய கென் தொம்சனும் டெனிஸ் ரிச்சியும் அங்கே இருந்தார்கள். அவர்களோடு வேலை செய்த லீ மக்மாஹன் என்பவருக்கு எழுத்து நடையை ஆராய்வதில் ஆர்வம். 1787, 1788ஆம் ஆண்டுகளில் அமெரிக்க அரசியல் யாப்புக்கு ஆதரவாகப் புனைபெயரில் வெளிவந்த 85 கட்டுரைகளை யார் யார் எழுதியது என்ற பழைய வழக்கைச் சொல் வழக்கை வைத்துத் தீர்க்கப் பார்த்தார். கட்டுரைகள் முழுவதும் சேர்ந்து ஒரு மெகாபைட்டுக்கு மேல். அந்தக் காலத்துப் பிடிபி-11 கணினியில் ஒரு நிரலுக்குக் கிடைத்த நினைவகமோ சுமார் 64 கிலோபைட். யுனிக்ஸின் தொகுப்பான் ‘எட்’ கோப்பைத் திறக்கவே மறுத்தது.

எட் தொகுப்பானுக்குள் தேடும் வசதி முன்பே இருந்தது. கோப்பு முழுவதிலும் குறிப்பிட்ட கோலத்துக்கு அமைந்த வரிகளைத் தேடி அச்சிடு என்று அதற்குச் சொல்லலாம். தொம்சன் அந்தத் தேடும் பகுதியை மட்டும் கழற்றி எடுத்துத் தனி நிரலாக்கினார். ஒரே இரவில் முடித்தார் என்பார்கள். தனி நிரலானதும் முழுக் கோப்பையும் நினைவகத்தில் ஏற்றத் தேவையில்லாமல் போயிற்று: ஒரு வரியை வாசி, பொருந்தினால் அச்சிடு, மற, அடுத்த வரிக்குப் போ. எவ்வளவு பெரிய கோப்பாக இருந்தால் என்ன? 1973 நவம்பரில் யுனிக்ஸின் நான்காம் பதிப்போடு கிரெப் வெளியே வந்தது. எட் தொகுப்பானில் அந்தக் கட்டளைக்கு இருந்த எழுத்துக்களைச் சேர்த்து வாசித்தால் வருகிற ஒலிதான் அதன் பெயர்.

இதே கதையை அதே ஆய்வுகூடத்து டக் மக்கில்ராய் வேறு மாதிரியும் சொல்வதுண்டு. இப்படியொரு கருவி வேண்டும் என்று அவர் கேட்டாராம். தொம்சன் தன் சொந்தப் பாவனைக்கு ஏற்கெனவே எழுதி வைத்திருந்ததைத் துடைத்து மறுநாள் கொடுத்தாராம். இரண்டும் உண்மையாக இருக்கலாம். பெரிய கோப்பு, சிறிய நினைவகம் என்ற நெருக்கடி இரண்டு கதைக்கும் பொது.

அந்தத் தேடல் கோலங்களின் வேர் கணினித் துறைக்கு வெளியே இருக்கிறது. மூளையின் நரம்புக் கலங்கள் எந்தவகை நிகழ்ச்சிகளை அடையாளம் காண முடியும் என்று 1951இல் கணக்குப் போட்ட ஸ்டீபன் கிளீனி என்ற கணித அறிஞர் அதற்கென்று ஒரு குறியீட்டு முறையை வகுத்தார். 1968இல் தொம்சன் அதை எழுத்துத் தேடலுக்குத் திருப்பினார். வரியின் தொடக்கத்தைக் குறிக்கக் கூரைக்குறி, எந்த எழுத்தும் வரலாம் என்பதற்குப் புள்ளி, எத்தனை தடவையும் வரலாம் என்பதற்கு நட்சத்திரக் குறி என்று நாம் இன்று தட்டுவதெல்லாம் அந்த வம்சம்.

கிரெப்புக்குத் தேடத்தான் தெரியும், மாற்றத் தெரியாது. வரியில் ஒரு சொல்லை எடுத்து இன்னொன்றைப் போட ஒரு கருவி, வரியை நீக்க இன்னொரு கருவி என்று ஒவ்வொன்றாகக் கேட்டு வருவார்கள் என்று மக்மாஹன் முன்கூட்டியே கணக்குப் போட்டார். எல்லாவற்றையும் ஒன்றாக்கிச் செட் என்ற கருவியை அவரே எழுதினார். ஒரு கருவியின் வெளியீட்டை இன்னொன்றின் உள்ளீடாகக் கொடுக்கும் குழாய் வசதி யுனிக்ஸுக்கு வந்ததும் அதே 1973இல். தோட்டத்துக்குத் தண்ணீர் விடும் குழாயைத் துண்டு துண்டாக முடுக்குவது போல நிரல்களையும் முடுக்க வேண்டும் என்று மக்கில்ராய் 1964இலேயே ஒரு குறிப்பில் எழுதி வைத்திருந்தார். ஒன்பது வருடம் விடாமல் நச்சரித்தவர் அவர். தட்டி முடித்தவர் மறுபடியும் தொம்சன்.

வரி கிடைத்துவிட்டது. வரிக்குள் இருக்கும் பெறுமானத்தை எடுப்பது எப்படி? யுனிக்ஸின் அமைப்புக் கோப்புகளில் பேர்போனது பயனர் கணக்குகள் உள்ள பாஸ்வேர்டு கோப்பு. அதில் ஒரு வரியைத் தமிழில் எழுதினால் இப்படி இருக்கும்:

ரூட்:எக்ஸ்:0:0:ரூட்:/ரூட்:/பின்/பாஷ்

முக்காற்புள்ளியால் பிரிந்த 7 கட்டங்கள். முதலாவது பெயர். இரண்டாவது ஒரு காலத்தில் கடவுச்சொல்லின் மறைவடிவம் இருந்த இடம். இப்போது அதை வேறு கோப்புக்குக் கொண்டுபோய்விட்டு இங்கே வெறும் எக்ஸ் போட்டிருக்கிறார்கள். ஐந்தாவது கட்டத்துக்கு இன்றும் ஜீகோஸ் என்றுதான் பெயர். பெல் ஆய்வுகூடத்தார் அச்சுப் பிரதி எடுக்க ஜெனரல் எலெக்ட்ரிக் கம்பனியின் பெரிய கணினிக்கு வேலையை அனுப்புவார்கள். அந்தக் கணினியின் கணக்கிலக்கம் எழுதியிருந்த கட்டம் அது. அந்தக் கணினி போய்ச் சேர்ந்து எத்தனையோ காலம். கட்டம் இருக்கிறது.

இந்தக் கட்டங்களை எடுக்கப் பிறந்ததுதான் ஆக். வருடம் 1977. அல்பிரட் ஆஹோ, பீட்டர் வைன்பெர்கர், பிரையன் கெர்னிகன் என்ற மூவரின் பெயர்களின் முதலெழுத்துக்கள் சேர்ந்தது பெயர். ஆஹோவுக்கு வரவு செலவு பார்க்க வேண்டியிருந்தது. பக்கத்துப் பல்கலைக்கழகத்தில் படிப்பித்த பிள்ளைகளின் புள்ளிகளையும் கூட்ட வேண்டியிருந்தது. இதற்கெல்லாம் சி மொழியில் பக்கம் பக்கமாக எழுதிக்கொண்டிருக்க அவர் தயாரில்லை. அதே ஆய்வுகூடத்து மார்க் ரொச்கிண்ட் பதிவுகளில் கோலம் தேடுவதற்கு எழுதியிருந்த கருவி ஒன்று மூவருக்கும் வழி காட்டியது. கோலம் ஒன்று, அது பொருந்தினால் செய்ய வேண்டிய வேலை ஒன்று, மொழி அவ்வளவுதான். வரியைக் கட்டங்களாக உடைத்து டொலர் 1, டொலர் 2 என்று எண் கொடுக்கும் வேலையை நீங்கள் கேட்காமலே ஆக் செய்து வைத்திருக்கும். பிரிப்பது முக்காற்புள்ளி என்று சொல்லி, டொலர் 7ஐ அச்சிடு என்றால் ரூட் கணக்கின் கட்டளை ஓடான /பின்/பாஷ் வந்து விழும். ஓரிரு வரி எழுதிவிட்டு எறியத்தான் இதை உருவாக்கினோம் என்று நினைத்திருந்த மூவரும், ஆட்கள் அதில் பக்கக் கணக்கில் நிரல் எழுதத் தொடங்கியதைக் கண்டு திகைத்தார்கள்.

வைஃபை ரவுட்டர்கள் பலவற்றில் ஓடுகிற பிஸிபொக்ஸ் என்ற சிறு தொகுப்பிலும் கிரெப், செட், ஆக் மூன்றும் இருக்கின்றன. புதிதாக எதையும் தரவிறக்க வேண்டியதில்லை என்பதால், இணைப்பு ஆமை வேகத்தில் போகிற இடத்தில் சேர்வர் பார்க்கிறவர்களுக்கு இவற்றை விட்டால் வேறு ஆள் கிடையாது.

கெர்னிகனைப் பற்றி இன்னொரு செய்தி. 2022இல், தன் 80ஆவது வயதில், அசல் ஆக்குக்கு யுனிகோட் ஆதரவைச் சேர்த்தவர் அவரே. ‘வவுனியா’ என்ற பெயரின் நீளம் என்ன என்று பழைய ஆக்கைக் கேட்டால் 21 என்னும். அது பைட் கணக்கு. புதியது 7 என்னும். நம் கண்ணுக்குத் தெரிவதோ 4 எழுத்து. உயிர்மெய்க் குறிகளை யுனிகோட் தனித்தனியாக எண்ணுவதால் வருகிற வித்தியாசம் இது. 21க்கு 7 பரவாயில்லை.

இனி அன்றாட வேலை. அமைப்புக் கோப்புகளில் பெரும்பான்மை ‘சாவி = பெறுமானம்’ என்ற உருவத்தில் இருக்கும். பிஎச்பி மொழியின் அமைப்புக் கோப்பில் நேர வலயம் என்னவென்று பார்க்கக் கிரெப்பை ஏவினால் விளக்க வரிகளும் கூடவே வரும். அங்கே விளக்கத்துக்கு அரைப்புள்ளி. லினக்ஸின் மற்றப் பெரும்பாலான கோப்புகளில் ஹேஷ். ஆகவே பழகிய கைகள் முதலில் செய்வது, ஹேஷில் தொடங்கும் வரிகளையும் வெற்று வரிகளையும் வெட்டி எறிவதுதான். கூரைக்குறியும் ஹேஷும் போட்ட கோலத்தோடு வெற்று வரிக்கான கோலத்தையும் கொடுத்து, பொருந்தாததை மட்டும் காட்டு என்று கிரெப்புக்குச் சொன்னால் போதும். 300 வரிக் கோப்பு 20 வரியாகச் சுருங்கிவிடும்.

பிறகு சமக்குறியில் வெட்ட வேண்டும். இதில் பொறி ஒன்று உண்டு. கட் என்ற சிறு கருவியிடம் சமக்குறியில் வெட்டி இரண்டாம் துண்டைத் தா என்றால் தரும். ஆனால் பெறுமானத்துக்குள்ளேயே இன்னொரு சமக்குறி இருந்தால் மீதி போய்விடும். இரண்டாம் துண்டிலிருந்து கடைசிவரை தா என்று கேட்க வேண்டும். சமக்குறிக்கு இருபுறமும் இடைவெளி இருக்கலாம், இல்லாமலும் இருக்கலாம். ஆக்கில் ‘இடைவெளிகள், சமக்குறி, இடைவெளிகள்’ எல்லாவற்றையும் சேர்த்து ஒரே பிரிப்பானாகக் கொடுத்துவிடலாம். ஜேசன் உருவத்தில் உள்ள கோப்பென்றால் இந்த வித்தைகளை அங்கே காட்டாதீர்கள். ஒன்றுக்குள் ஒன்றாக அடைப்புக்குறி வரும் கோப்பை வரிக் கருவியால் வெட்டினால் இன்று சரியாக வரும். யாராவது வரிகளை மாற்றி மடித்த அன்று பிழையாகிவிடும். ஸ்டீபன் டோலன் 2012இல் வெளியிட்ட ஜேக்யூ அதற்கென்றே உள்ளது.

ஆசியக் கோப்பு வரிக் கருவிகளுக்கு ஏற்ற கோப்பு. கொழும்பின் இன்றைய நேர வித்தியாசத்தை அதிலிருந்து எடுத்துப் பாருங்கள். கிரெப்பிடம் ‘ஆசியா/கொழும்பு’ என்று கேட்டால் வருவது முதல் வரி மட்டும்: 5:19:24, 1880 வரை. மற்ற 8 வரிகளில் கொழும்பின் பெயரே கிடையாது. தலைப்பு வரியின் தொடர்ச்சியாகத் தள்ளி எழுதியிருப்பார்கள். ஆகவே அவசரக்காரருக்குக் கிடைப்பது விக்ரோறியா மகாராணி காலத்து நேரம். இங்கேதான் ஆக் கைகொடுக்கும். கொழும்பு என்று தொடங்கும் வரியிலிருந்து அடுத்த வெற்று வரி வரை எடு, கடைசியாகக் கண்ட வரியின் முதற் கட்டத்தைச் சொல் என்றால் 5:30 என்று பதில் வரும்.

அந்த வரிகளை மேலிருந்து கீழாக வாசித்தால் ஒரு நாட்டு வரலாறு போகும். 1906 வரை மொறட்டுவைச் சராசரி நேரம் என்று ஒன்று இருந்திருக்கிறது. 1942 ஜனவரியில் யுத்தத்துக்காக அரை மணி கூட்டினார்கள்; செப்டெம்பரில் இன்னும் அரை மணி. 1945 ஒக்டோபரில் பழையபடி 5:30. அதன்பின் அரை நூற்றாண்டுக்கு அசைவில்லை. 1996 மே 25இல் ஒரேயடியாக 6:30. மழை பொய்த்து நீர்மின் நிலையங்கள் படுத்துவிட்டதால் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க எடுத்த முடிவு. அதே வருடம் ஒக்டோபர் 26இல் 6 மணிக்குக் குறைத்தார்கள். 2006 ஏப்ரல் 15இல் மறுபடி 5:30.

அந்தப் பத்து வருடங்களிலும் இலங்கையின் வடக்கே உள்ள வன்னிப் பெருநிலத்தில் விடுதலைப் புலிகளின் கட்டுப்பாட்டில் இருந்த ஊர்களில் கடிகாரம் மாறவில்லை. மின்சாரத்தை மிச்சம் பிடிக்க வந்த நேரம். தேசிய மின்கம்பியில் கரண்டே வராத ஊர்கள். ஜாம் போத்தல் விளக்கில் படித்த, சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலி கேட்ட சனத்துக்கு அதில் மிச்சம் பிடிக்க என்ன இருந்தது? அங்கே இருந்தது பழைய நேரம். வவுனியா நகரம் அரசாங்கத்திடம் இருந்ததால் அங்கே புதிய நேரம். 2002இல் ஏ-9 வீதி திறந்த பிறகு ஓமந்தையைக் கடந்து புளியங்குளத்துக்குப் போனவர்களின் கைக்கடிகாரம் அரை மணி பிந்த வேண்டியிருந்தது.

இது ஆசியக் கோப்பில் பதிவாகியிருக்கிறது. 2006 ஏப்ரலில் வந்த ரொய்ட்டர் செய்தியைச் சான்றாகக் காட்டி, புலிகள் 1996இன் நேர மாற்றத்தை ஏற்கவே இல்லை, இந்தியாவோடு ஒத்த 5:30இலேயே நின்றார்கள் என்று எழுதியிருக்கிறார்கள். அதன் கீழே தரவுத்தளத்தின் பராமரிப்பாளர் போல் எகர்ட்டின் குறிப்பு: அந்தப் பகுதியில் வாழ்கிறவர்கள் கொல்கத்தா வலயத்தைப் பயன்படுத்தலாம், 1970 தொடக்கம் இரண்டும் ஒத்தே வந்திருக்கின்றன என்று. தரவுத்தளத்தின் விதி அது. 1970க்குப் பிறகு வேறெந்த வலயத்தோடும் ஒத்துப்போகாத இடத்துக்குத்தான் தனி வலயம். வன்னி கொல்கத்தாவோடு ஒத்தது. தனி வரி கிடைக்கவில்லை. விதிப்படி அது சரி. கிளிநொச்சி என்று ஒரு வரி போட்டாலும் சிக்கல்தான். 1996 செப்டெம்பரில் நகரம் இராணுவத்திடம் போய் 1998 செப்டெம்பரில் திரும்பியது. எந்தெந்த நாளில் எந்தச் சுவரில் எந்த நேரம் ஓடியது என்று அந்த வரி சொல்ல வேண்டியிருக்கும்.

ஆனால் ஹேஷ் வரியை முதலில் வெட்டுவதுதான் பழகிய கையின் வழக்கம் என்று சொன்னேன். கணினிகளில் நிறுவப்படும் சுருக்கப் பிரதியிலும் விளக்க வரிகள் கிடையாது. மூலக் கோப்பைத் தரவிறக்கிப் படிக்கிறவர்களுக்கு மட்டுமே இந்த விபரம் தெரியும். மற்ற எல்லா மென்பொருளுக்கும் இலங்கை முழுவதும் ஆசியா/கொழும்பு.

இதனால் யாருக்கு நட்டம் என்று கேட்கலாம். 1996க்கும் 2006க்கும் இடையில் வன்னியில் பிறந்த பிள்ளைகளுக்கு இப்போது கலியாண வயது. சாத்திரியார்மார் இப்போது குறிப்புக் கணிப்பது மென்பொருளில். பிறந்த நேரம் காலை 6 மணி, இடம் முள்ளியவளை, நாடு இலங்கை என்று கொடுத்தால், கொழும்பு வலயத்தை வைத்துக் கணிக்கும் மென்பொருள் அந்த 6 மணியைப் புதிய நேரம் என்றே எடுக்கும். 1996 ஒக்டோபர் 26க்குப் பின் பிறந்த பிள்ளை என்றால், உண்மையில் பிறந்தது அதற்கு அரை மணி கழித்து. ஒரு லக்கினம் சுமார் இரண்டு மணித்தியாலம் நிற்பது. ஆகவே ஏறத்தாழ நாலில் ஒருவருக்கு லக்கினமே மாறிவிடும். சாதகத்தை நம்புவதும் விடுவதும் அவரவர் விருப்பம். நம்புகிறவர் சரியான நேரத்தை வைத்து நம்பட்டுமே.

சாத்திரத்துக்கும் இந்தத் தரவுத்தளத்துக்கும் பழைய கணக்கு ஒன்றும் இருக்கிறது. 1980களின் நடுப்பகுதியிலிருந்து அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் வேலை பார்த்த ஆதர் டேவிட் ஒல்சன் என்பவர் தன் பொறுப்பில் இதை நடத்திவந்தார். 2011இல் அஸ்ட்ரோலேப் என்ற சோதிட மென்பொருள் கம்பனி, பழைய நேரத் தகவல்கள் தன் அட்லஸிலிருந்து எடுத்தவை என்று அவர் மீதும் எகர்ட் மீதும் வழக்குப் போட்டது. தரவுத்தளம் சில நாள் முடங்கியது. அந்த ஒக்டோபரிலேயே இணைய முகவரிகளைப் பார்க்கும் ஐயானா அமைப்பு அதைப் பொறுப்பேற்றது. அடுத்த வருடம் கம்பனி வழக்கைத் திரும்பப் பெற்றது.

உங்கள் வீட்டில் அந்தப் பத்து வருடங்களில் வன்னியில் பிறந்த பிள்ளை இருந்தால், குறிப்பு எழுத முன் அம்மம்மாவையோ பிரசவம் பார்த்தவரையோ கேளுங்கள்: எழுதி வைத்த மணி பழைய நேரமா, புதிய நேரமா? பழைய நேரம் என்றால் மென்பொருளில் வலயத்தைக் கொல்கத்தா என்று மாற்றிக் கொடுங்கள். அந்தக் காலத்துப் பாடசாலை நேரசூசி, பஸ் நேர அட்டை, திகதியும் மணியும் எழுதிய நாட்குறிப்பு கைவசம் இருப்பவர்கள் எறிந்துவிடாதீர்கள். வன்னி நேரத்துக்கு ஆசியக் கோப்பு காட்டும் சான்று ஒரேயொரு செய்தி அறிக்கை. சான்றோடு திருத்தம் எழுதினால் பராமரிப்பாளர்கள் ஏற்றுக்கொள்கிறார்கள்.